தேய்ந்திருக்க வேண்டிய கை

மார்ச் 3

அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால், அத்தானின் தச்சுப் பட்டறை, உன் பள்ளிக்கூட அலுவலக வேலை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று ஆளுக்கொரு வரியாவது எழுது. போனில் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய்.

விஷயம் இதுதான். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி அறை கட்டுகிறார்கள். அக்டோபரில் திறப்பு. வாசலுக்கு எதிர்ச்சுவர் சும்மா கிடக்கிறது. அதில் அப்பாவின் கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாட்டப் போகிறேன். ஓட்டல் லிஃப்டுக்குள் நின்று இருபத்தாறு வருஷம் கைப்பிடியைத் தள்ளிய மனிதரின் கோட்டு. இந்தக் காலத்துப் பையன்கள் பொத்தானை அமுக்கத்தான் தெரிந்தவர்கள், பார்க்கட்டும். மேலாளரிடம் கேட்டேன். "மாட்டிக்கோ, கம்பெனி தம்பிடி தராது" என்றார். திறப்பன்று நான் ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம்.

அப்பா போனபோது கேட்டேனே, "டிரங்குப் பெட்டில பத்திரமா இருக்கு" என்றாய். கம்பளித் துணியை இரண்டு வருஷம் பெட்டிக்குள் போட்டு வைப்பது பூச்சிக்கு வைத்த விருந்து. உடனே எடு. துவைக்காதே. சலவைக்கடைக்கும் கொடுக்காதே. அந்துருண்டை இருந்தால் தூக்கி எறி. பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்தாயானால் நான் கிளம்பி அங்கே வந்துவிடுவேன். கஞ்சி போடாத வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் படுக்க வைத்து, தோள், கை, நீளம் மூன்றையும் அளந்து எழுது.

அம்மாவுக்கு என் அன்பு.
தம்பி

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம்தான். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, மற்ற நேரம் நன்றாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பரீட்சை நேரம், பள்ளியில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் தாமதம்.

கோட்டு விஷயம். டிரங்குப் பெட்டியின் சாவி எங்கே என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடக்கட்டும், கோட்டுதான் வைக்க வேண்டுமா? அப்பாவின் பெரிய போட்டோ இருக்கிறது. வெயில் காலத்திலும் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாரே, அந்த முழுக்கைச் சட்டைகள் நாலும் இருக்கின்றன. துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பட்டுமா? அவருடைய வாசனை அதில்தான் இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் சுகம் என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் அதேதான்.

சாவி இல்லையென்றால் பூட்டை உடை. வீட்டில் தச்சரை வைத்துக்கொண்டு சாவி தேடுகிற ஒரே குடும்பம் நம்முடையதுதான். சட்டை வேண்டாம், சட்டையை ஊரில் யாரும் போடலாம். மெரூன் நிறம், தோளில் மஞ்சள் நூல் பின்னல், எட்டுப் பித்தளைப் பொத்தான். அந்தக் கோட்டைப் போட்டவர் நம் அப்பா.

அத்தானிடம் பெட்டி செய்யச் சொல். படம் இணைத்திருக்கிறேன். அப்பாவின் கோட்டை நினைவில் வைத்துப் போட்ட அளவு, உள்ளே முப்பதுக்கு நாற்பத்திரண்டு அங்குலம், ஆழம் ஐந்து. புதுப் பலகை வேண்டாம், பழைய கதவுச் சட்டம் போதும். ஆனால் மரத்திலிருந்து வரும் ஆவி துணியை அரிக்கும். அதனால் உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, அதன்மேல் பழைய தலையணை உறையை இழுத்துக் கட்ட வேண்டும். கண்ணாடி துணியில் படக் கூடாது, ஓர் அங்குலம் இடைவெளி. பசை, குண்டூசி எதுவும் கூடாது. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. பொறுமைதான் வேண்டும், அது என்னிடம் இல்லை என்று உனக்கே தெரியும். சீக்கிரம் எழுது.

தம்பி

மே 16

அன்புத் தம்பிக்கு,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீ போட்ட இரண்டு கார்டும் வந்தன. கோபப்படாதே.

கோட்டை எடுத்தாயிற்று. தோள் பதினெட்டரை அங்குலம், கை இருபத்து நாலு, நீளம் முப்பத்திரண்டு. தோள் அகலமாக இருக்கிறதே என்று நினைக்காதே, கம்பளி நாளாக நாளாக விரியும்தானே? பூச்சி எதுவும் இல்லை. நல்ல நிலையில் இருக்கிறது. பொத்தான் எட்டும் இருக்கின்றன, புளி போடவில்லை.

அத்தான் பெட்டி வேலையை ஆரம்பித்துவிட்டார். "இவன் வரைஞ்சிருக்கிற படத்துக்கு ஒரு வீடே கட்டிடலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்.

உன் நினைவாக இருக்கும்
அக்கா

மே 22

அக்காவுக்கு,

அம்மாவின் காய்ச்சலை ஏன் போனில் சொல்லவில்லை? இந்த வீட்டில் எனக்கு எல்லாமே முடிந்த பிறகுதான் தெரிகிறது.

பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் கம்பளி விரியாது. அது போகட்டும், நான் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். நீ நாடாவைத் தளர்த்திப் பிடித்திருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பூச்சி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. முட்டை இருக்கும். கோட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதே. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் பிறகு பிரி, இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். அதன் பிறகு பாலித்தீன் பக்கமே போகக் கூடாது. பழைய பருத்திப் புடவையைச் சுருட்டிக் கைகளுக்குள் திணி. துணி எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உள்ளே தாங்கல் அதிகம் வேண்டும். அதனால் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை நுனி, இத்தனையையும் தனித்தனியாகப் படம் எடுத்துக் கழுவி அனுப்பு. போனில் அனுப்பாதே, இழை தெரியாது.

தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? அம்மா நன்றாக நடக்கிறாள். நம் வீட்டு ஃப்ரீசரில் தீப்பெட்டிகூட நிற்காது என்று உனக்குத் தெரியாதா? எதிர்த்த ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டேன். "கோட்டையாம்மா, யாருக்குக் குளிருது?" என்றார். விளக்கிச் சொன்னதும் அடித்தட்டில் இடம் கொடுத்தார். இரண்டு வாரமும் அவர் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் "உள்ள ஓட்டல்காரர் படுத்திருக்கார்" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அதைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்துவிட்டேன். அம்மாவின் பழைய நீலப் புடவையைக் கைகளுக்குள் திணித்திருக்கிறேன். படங்கள் ஆறு இணைத்திருக்கிறேன். பெட்டி அடுத்த வாரம் முடியும். இனியாவது நிம்மதியாக இரு.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

படங்கள் வந்தன. ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு நன்றி சொல்.

ஒரே கேள்வி. இடது கை நுனி நைந்து, உள்பக்கம் தோல் வைத்துத் தைத்திருக்கிறது. வலது கை நுனி புதிது போல இருக்கிறது. ஏன்?

தம்பி

ஜூன் 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். படம் கழுவுகிற கடையில் திருப்பிப் போட்டிருப்பான். இடது வலது மாறியிருக்கும். இதற்கெல்லாமா மண்டையைக் குழப்பிக்கொள்வாய்? பெட்டி முடிந்துவிட்டது. கோட்டை உள்ளே வைத்துத் தைத்துப் பார்சலில் அனுப்பிவிடட்டுமா?

அக்கா

ஜூன் 28

அக்கா,

அனுப்பாதே.

படம் திரும்பவில்லை. ஆண்கள் கோட்டில் இடது பக்கம் மேலே வந்து மூடும், பொத்தான் வலது பக்கத்தில் இருக்கும். உன் படத்தில் அப்படியேதான் இருக்கிறது. படம் சரி, கோட்டுதான் தப்பு.

அந்த ஓட்டலில் எதிரெதிராக இரண்டு லிஃப்ட். அப்பாவுடையதில் கைப்பிடி வலது சுவரில், தரையிலிருந்து இரண்டு அடி எட்டு அங்குலத்தில். படிப்பின் கடைசி வருஷம் ப்ராஜெக்டுக்காக நானே அளந்தது. எதிர் லிஃப்டில் அது இடது சுவரில். இருபத்தாறு வருஷம் வலது கையால் கைப்பிடி தள்ளியவருக்கு இடது கை நுனி எப்படி நைந்து போகும்? இது எதிர் லிஃப்டை ஓட்டிய மாமாவின் கோட்டு. அவர் தோளும் அப்பாவைவிட அகலம்.

இதைச் சோதிக்க எனக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. சாவி தொலைந்தது, காய்ச்சல் வந்தது, கம்பளி விரிந்தது. நாலு மாதமாக என்னைக் கேனையன் ஆக்கியிருக்கிறாய். இன்னொருவர் கோட்டை அப்பாவுடையது என்று சொல்லி, ஒரு அறை நிறைய ஆட்களுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருப்பாய். அப்பாவின் கோட்டை என்ன செய்தாய்? விற்றாயா? யாருக்காவது கொடுத்தாயா? அம்மாவும் இதில் கூட்டா?

ஒரு வரி போதும். சுகமா என்று கேட்டு எழுதாதே.

ஜூலை 25

தம்பிக்கு,

நீ கேட்க வேண்டாம் என்றாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது?

நான் விற்கவில்லை. கோட்டு எட்டு வருஷத்துக்கு முன்பே ஓட்டலுக்குத் திரும்பிப் போய்விட்டது. அப்பாவே பொத்தான்களைத் துடைத்து, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அது ஓட்டல் சொத்தாம். எதிர் லிஃப்ட் மாமா தொலைந்துவிட்டது என்று சாதித்துத் தன்னுடையதை வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம்தான் இரண்டு லிஃப்டும் மாறின. நீ ப்ராஜெக்ட் முடித்துத் தடிமனாக ஒரு புத்தகம் கட்டிக் கொண்டுவந்தாயே, கையால் ஓட்டும் லிஃப்டைப் பொத்தானால் ஓடும்படி மாற்றுவது எப்படி என்று. அதில் ஒரு பிரதியை அப்பா ஓட்டல் மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "என் பையன் எழுதினது சார், நம்ம லிஃப்டைத்தான்" என்று. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. கடைசிப் பக்கத்தில் இரண்டு ஆட்கள் மிச்சமாவார்கள் என்று எழுதியிருந்தாயாம். மேலாளர் படித்தார். ஆறே மாதத்தில் செய்துவிட்டார்கள்.

மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு மட்டும் இரக்கப்பட்டுக் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட. அதே வாசல், அதே நேரம். அதனால் உனக்குத் தெரியாமல் வைப்பது சுலபமாக இருந்தது. நீ லீவில் வரும்போது கோட்டு எங்கே என்று கேட்பாய், "இப்பல்லாம் ஓட்டல்லயே வச்சுக்கிறாங்க" என்பார். போனில் உனக்குச் சொன்ன லிஃப்ட் கதைகள், அந்தக் குடை மறந்த பாட்டுக்காரி, நாய்க்குட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்த டாக்டர், எல்லாம் பழைய வருஷத்துக் கதைகள். அவை தீர்ந்துபோன பிறகு தானே கட்டிச் சொன்னார். அந்த ப்ராஜெக்டைப் பார்த்துத்தான் இந்தக் கம்பெனி உனக்கு வேலை கொடுத்தது. தெரிந்தால் நீ வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாய் என்று, சொல்லக் கூடாதென எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். நீ அப்படிச் செய்திருப்பாய்தானே?

கோட்டுக்காக மாமாவிடம் மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவை கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை கையில் கொடுத்தார். "உங்க தம்பி கைய பாத்தா கண்டுபுடிச்சிடுவான். அவன் அளக்கறவன்" என்றார். நான்தான் கேட்கவில்லை.

அம்மா தானும் எழுத வேண்டும் என்கிறாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

அக்கா

கண்ணு, உங்க அக்கா இன்னமும் உனக்கு முட்டுக் கொடுக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதியிருப்பாள். நீ லிஃப்டை அளந்த அன்னிக்கே இது எதுக்குடான்னு கேட்டாராம். "ஆளே வேணாம்ப்பா, பொத்தானை அமுக்கினா தானா போகும்"னு நீ சொன்னியாம். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். தெரிஞ்சுதான் கொண்டுபோய்க் காட்டினார். இவங்க எங்க செய்யப் போறாங்கன்னு நினைச்சார். உன் பேர் அட்டையில் தங்க எழுத்தில் இருந்துச்சு, அதை யாருக்காவது காட்டாம அவரால இருக்க முடியல. எனக்கு உன்மேல் ஒரு வருஷம் கோபம் இருந்தது. நீ போனில் பேசும்போதெல்லாம் சாப்பிட்டியான்னு மட்டும் கேட்பேனே, அது அதனாலதான். இப்ப இல்லை. அம்மா.

ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

நலமா? கடிதம் வந்ததா இல்லையா என்றாவது எழுது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வெறும் பெட்டியை அத்தான் பார்சலில் போட்டுவிட்டார், அளவெடுத்துச் செய்த வேலையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார்.

அக்கா

செப்டம்பர் 30

அக்காவுக்கு, அம்மாவுக்கும்,

கடிதம் வந்தது. பெட்டியும் வந்தது. மூலைகள் துல்லியமாக இருக்கின்றன, அத்தானிடம் சொல்.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன். அது போய்விட்டது என்று நினைத்து யாரும் போன் செய்ய வேண்டாம். என் வேலையே பொருள்களில் பழுது கண்டுபிடிப்பது. ஆறு வருஷம் வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன். ஒரு தடவை அப்பாவின் முழங்கைக்குக் கீழே பட்டையாகத் தீக்காயம் பார்த்தேன். டீ கொட்டிவிட்டது என்றார். டீ சிந்தினால் திட்டுத் திட்டாக இருக்கும், நேர்கோடாக இருக்காது. எனக்கு அது தெரியும். பார்த்துவிட்டு, மருந்து போடுங்கள் என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை நானே கீழே இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் முழுக்கைச் சட்டை என்று இப்போது புரிகிறது. நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை ஒரு நல்ல பையனாகவே வைத்திருந்தீர்கள். நான் கெட்டவனாக இருந்து ஒரு மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். அப்பா முதல் ஆள். அவரிடம் இதை எந்த முகவரிக்கு எழுதுவது?

மாமாவின் கோட்டை மாமாவிடம் கொடுத்துவிடு. பருத்தித் துணி சுற்றிய தடிமனான ஹாங்கரில் மாட்டிக் கொடு, கம்பி ஹாங்கர் தோளை வெட்டும். ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல். இடது கை நுனிக்குள் இருக்கும் நீலப் புடவைச் சுருளை எடுக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த மாதம் நான் வந்து அவரைப் பார்ப்பேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியே நிற்பேன்.

அலமாரியின் அடியிலிருந்து ப்ராஜெக்ட் புத்தகத்தை எடுத்தேன். எட்டு வருஷமாகப் பிரிக்கவில்லை. பதினோராம் பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன், கைப்பிடியின் உயரம் அளப்பது. தரையில் நாடாவின் நுனியை ஒரு கை அழுத்திப் பிடித்திருக்கிறது. மெரூன் கை. நுனி நைந்திருக்கிறது, தோல் வைத்துத் தைத்த தையல்கூடத் தெரிகிறது. வலது கை. அளவுக்கு முகம் தேவையில்லை என்று அதற்கு மேலே கத்தரியால் நான்தான் வெட்டியிருக்கிறேன். வெட்டிய ஓரம் நேராக இருக்கிறது.

நம்மிடம் அந்தக் கோட்டில் மிஞ்சியது அவ்வளவுதான். பசை இறுகிவிட்டதால் படத்தைப் பிரிக்கவில்லை, பக்கத்தோடு எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நாலு மூலையிலும் துணி மடித்துப் பிடித்திருக்கிறேன், குண்டூசி இல்லை. பயிற்சி அறைச் சுவரில் இதைத்தான் மாட்டப் போகிறேன். படம் நாலு அங்குலம். பெட்டி முப்பதுக்கு நாற்பத்திரண்டு.

சின்னப் பெட்டி செய்து தரட்டுமா என்று அத்தான் கேட்பார். வேண்டாம். அது அப்பாவின் கோட்டுக்கு எடுத்த அளவு.

அம்மா முழங்காலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தம்பி